திரும்பி வராதவர்கள்: சமயப் பூசலால் பிரிந்த குடும்பங்களும் சின்னத்திரை வரலாற்றுத் தொடர்களும்

வரலாற்றுத் தொடர் என்று தொலைக்காட்சியில் வழங்கும் நாடக வகை, விளம்பரத்தில் அரண்மனையையும் போர்க்களத்தையும் காட்டினாலும், தன் நேரத்தின் பெரும்பகுதியை வீட்டுக்குள்ளேயே கழிக்கிறது. செலவுக் கணக்கு அதற்கு ஒரு காரணம். கூடத்திலும் சமையற்கட்டிலும் நடக்கும் உரையாடலைப் படமாக்க ஆகும் பணம், ஒரு சிறு படையைத் திரட்டிப் படமாக்க ஆகும் பணத்தில் சிறு பங்குதான். பார்ப்பவர்கள் குடும்பமாக அமர்ந்து பார்ப்பதும், கதை வாரக்கணக்கில் நீள வேண்டியிருப்பதும் மற்றக் காரணங்கள். எனவே சமயப் பூசல் போன்ற பெருநிகழ்வு இந்த வடிவத்தின் கைக்கு வரும்போது, மடங்களும் அரசவைகளும் பின்னுக்குப் போய், தமக்கைக்கும் தம்பிக்கும், கணவனுக்கும் மனைவிக்கும், தாய்க்கும் மகனுக்கும் இடையே விழுந்த பிளவாக அது உருமாறுகிறது. இதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. வீட்டில் என்ன சமைக்கிறார்கள், நெற்றியில் என்ன இடுகிறார்கள், யாருக்குப் பெண் கொடுக்கிறார்கள் என்ற அளவில்தான் பெரும்பாலோருடைய வாழ்க்கையில் சமயம் நுழைகிறது. ஆனால் தமிழில் வழங்கும் இத்தகைய கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும்: அவை ஏறத்தாழ அனைத்தும், பிரிந்து போனவர் திரும்பி வந்து சேர்வதில் முடிகின்றன. திரும்பி வராதவருக்கு அவற்றில் காட்சி இல்லை.

இதை ஆராய்வதற்கு ஆரணியும் அதைச் சூழ்ந்த நிலமும் பொருத்தமான இடம். திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த இவ்வூர், காஞ்சிபுரத்துக்கு அடுத்தபடியாகப் பட்டுச் சேலைக்குப் பெயர் பெற்றது. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. ஆற்காட்டு நவாபின் ஆட்சிப் பரப்புக்குள் மராத்திய ஜாகீர்தார்களின் பொறுப்பில் இருந்த ஊர் என்பதும், 1751இல் ராபர்ட் கிளைவ் இங்கு ஒரு போரில் வென்றார் என்பதும் பாடநூல் அறிந்த செய்திகள். நெசவில் ஈடுபட்டவர்களுள் செங்குந்தர் முருகனையும் சிவனையும் வழிபடுபவர்கள்; வீட்டில் தம் சொந்த மொழியைப் பேசும் சௌராஷ்டிரர் பெரும்பாலும் வைணவச் சார்புடையவர்கள். ஒரே தெருவில் ஒரே பாவும் ஊடையும் கொண்டு வேலை செய்யும் இவ்விரு சாராருக்கிடையே நெற்றிக்குறி வேறு, குலதெய்வம் வேறு. மூன்றாவதாக, ஆரணியையும் வந்தவாசியையும் செஞ்சியையும் இணைக்கும் இந்தப் பகுதியில்தான் தமிழ்ச் சமணர்கள், அதாவது நயினார் என்று அழைக்கப்படும், தமிழையே தாய்மொழியாகக் கொண்ட திகம்பரச் சமணர்கள், இன்றும் ஊர் ஊராக வாழ்கிறார்கள்.

ஆரணியை ஒட்டிய பூண்டியில் பொன்னிநாதர் கோயில் எனப்படும் அருகர் கோயில் உண்டு. ஆரணிக்கும் போளூருக்கும் இடைப்பட்ட திருமலைக் குன்றில் 22ஆம் தீர்த்தங்கரரான நேமிநாதரின் சிலை ஏறத்தாழ 16 அடி உயரத்தில் நிற்கிறது. இராசேந்திர சோழனின் வடதிசை வெற்றிகளைப் பட்டியலிடும் புகழ்பெற்ற கல்வெட்டு இந்தச் சமணக் குன்றில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதே கல்வெட்டு இங்கிருந்த பள்ளியை, சோழ இளவரசியின் பெயரால், குந்தவை ஜினாலயம் என்று குறிப்பிடுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடையளித்த அரச குடும்பத்தின் பெயரைத் தாங்கி ஒரு சமணப் பள்ளி இருந்தது என்பது, பிற்காலக் கதைகள் காட்டும் கறுப்பு வெள்ளைப் பிரிவினையோடு அவ்வளவு எளிதாகப் பொருந்தாது. ஆரணிக்குக் கிழக்கே செய்யாற்றங்கரையில் உள்ள திருவோத்தூரோ எதிர்ப்பக்கத்துக் கதையைச் சொல்கிறது. அங்கே சமணர்கள் எள்ளி நகையாடியதால் ஆண்பனைகளைத் திருஞானசம்பந்தர் குலை ஈனச் செய்தார் என்பது தலபுராணம். திருமலையும் திருவோத்தூரும் ஒருநாள் பயணத்துக்குள் அடங்கிவிடும் தொலைவில் இருக்கின்றன.

சமயத்தால் பிரிந்த குடும்பம் என்ற கதைக்குத் தமிழில் முதல் வடிவம் கொடுத்தது பெரியபுராணம். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய இந்நூலில் திருநாவுக்கரசரின் வரலாறு ஓர் இல்லத்திலிருந்தே தொடங்குகிறது. திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்த திலகவதியார், பின்னாளில் நாவுக்கரசர் ஆன மருள்நீக்கியார் என்ற இருவரும் பெற்றோரை இழக்கிறார்கள். தமக்கைக்கு மணம் பேசியிருந்த படைத்தலைவர் கலிப்பகையார் போரில் மாய்கிறார். உயிர்விடத் துணிந்த தமக்கை தம்பிக்காக வாழ ஒப்புகிறார். அந்தத் தம்பி வளர்ந்து, திலகவதியாரின் நெறியை விட்டு, பாடலிபுத்திரம் என வழங்கிய இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரின் சமணப் பள்ளியில் சேர்ந்து தருமசேனர் என்ற பெயரோடு தலைமையும் பெறுகிறார். பின்னர்ச் சூலை நோய் அவரை வருத்த, இரவோடு இரவாகத் திருவதிகையில் இருக்கும் தமக்கையிடம் வந்து திருநீறு பெறுகிறார். இழப்பு, தியாகம், பிரிவு, நோய், நள்ளிரவுத் திரும்புதல் என்று இதன் கட்டமைப்பு முழுவதும் இன்றைய தொடர் எழுத்தாளர் ஒருவர் வகுத்ததுபோல் இருக்கிறது.

ஆனால் இந்தக் கதையில் ஒரு பெரிய வெற்றிடம் உண்டு. பாடலிபுத்திரத்தில் மருள்நீக்கியார் என்ன கற்றார், யாரோடு பழகினார், எதனால் தமக்கையை விட்டுச் சென்றார் என்பவை சில பாடல்களில் கடந்துவிடுகின்றன. அந்தப் பள்ளியோ சாதாரண இடமன்று. லோகவிபாகம் என்னும் சமண உலகியல் நூல், பல்லவ மன்னன் சிம்மவர்மன் காலத்தில், சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், இந்தப் பாடலியில் சர்வநந்தி என்னும் முனிவரால் எழுதி முடிக்கப்பட்டது. நாவுக்கரசர் அங்கே சேர்வதற்கு முன்பே நூற்றாண்டுக் கணக்கில் அது அறிவுமரபுடைய கல்விக்கூடமாக இருந்திருக்கிறது. ஓர் இளைஞன் வீட்டைத் துறந்து அத்தகைய இடத்துக்குப் போவதற்கு மயக்கம் தவிர வேறு காரணமும் இருந்திருக்கலாம் என்பதை நாடகம் எடுத்துப் பேசலாம், எவரும் பேசவில்லை. ஏ.பி.நாகராசன் இயக்கிய ‘திருவருட்செல்வர்’ (1967) திரைப்படத்தில் சிவாஜி கணேசன் முதிய அப்பராக, அதாவது நாவுக்கரசராக, தோன்றி மக்கள் மனத்தில் நிலைத்தார். உழவாரம் ஏந்திய அந்தக் கூன் விழுந்த உருவமே இன்றுவரை அப்பர் என்றால் நினைவுக்கு வருகிறது. இளமையும் வாதத் திறமும் கொண்ட தருமசேனருக்குத் தமிழ்த் திரையில் முகம் கிடையாது.

பெரியபுராணத்தின் மற்றொரு பிரிந்த குடும்பம் மதுரை அரண்மனையில் இருக்கிறது. பாண்டியன் நெடுமாறன் சமணன். அரசி மங்கையர்க்கரசியார் சைவர். அமைச்சர் குலச்சிறையாரின் துணையோடு அரசி சம்பந்தரை வரவழைக்க, அரசனின் வெப்பு நோய் தீர்ந்து, அனல்வாதமும் புனல்வாதமும், அதாவது ஏடுகளை நெருப்பிலும் நீரிலும் இட்டுப் பார்க்கும் போட்டிகள், நடந்து, கணவன் மனைவியின் சமயத்துக்கு வந்து சேர்கிறான். இங்கும் முடிவு திரும்புதல்தான், குடும்பம் ஒன்றாகிறது. அந்த ஒற்றுமைக்கு விலையாகத் தோற்ற எண்ணாயிரம் சமணர் கழுவேற்றப்பட்டனர் என்று நூல் சொல்கிறது. இது வரலாறாக ஏற்கத்தக்கதன்று என்று கே.ஏ.நீலகண்ட சாஸ்திரி போன்ற அறிஞர்கள் கருதினர். சமணர் தரப்பு இலக்கியத்திலும் அப்படியொரு பேரழிவைப் பற்றிய பதிவு இல்லை. நடந்ததோ இல்லையோ, கதை அமைப்பு கவனத்துக்குரியது. அரச குடும்பம் இணைகிற காட்சிக்குப் பெயரும் முகமும் உரையாடலும் இருக்க, கழுவில் ஏறியவர்களுக்கு எண்ணிக்கை மட்டுமே இருக்கிறது. அந்த எண்ணாயிரவருக்கும் அக்காளோ தாயோ மனைவியோ இருந்திருக்க வேண்டும் என்ற எளிய எண்ணத்துக்கு நூலின் நடை இடம் தருவதில்லை.

சேக்கிழார் எழுதிய காலத்தையும் மறக்கக்கூடாது. நாவுக்கரசருக்கும் அவருக்கும் இடையே ஐந்து நூற்றாண்டுகள் கடந்திருந்தன. அவரை ஆதரித்த அநபாயன் எனப்படும் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில்தான் தில்லைக் கோயிலிலிருந்து கோவிந்தராசப் பெருமாள் திருமேனி அகற்றப்பட்டது என்பதை, அவ்வரசனின் அவைப்புலவர் ஒட்டக்கூத்தரே, மன்னனின் புகழாகத் தம் உலாவில் குறிப்பிடுகிறார். ஆரணிச் செங்குந்தர் உட்படத் தமிழகத்துச் செங்குந்தர் அனைவரும் தம் குலப் பெருமையாகக் கொண்டாடும் புலவர் இவர். சமணரை வென்ற பழைய கதை ஒரு பேரிலக்கியமாகத் தொகுக்கப்பட்ட நாளில், சைவத்துக்கு எதிரே நின்றவர்கள் சமணர்கள் மட்டுமல்லர், வைணவர்களும் நின்றார்கள். அந்த இரண்டாவது பூசலின் குடும்பக் கதைகள் வைணவ குருபரம்பரை நூல்களில், அதாவது ஆசாரியர்களின் வழிமுறையைச் சொல்லும் வரலாறுகளில், பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் மையத்தில் இராமானுசர் இருக்கிறார்.

இராமானுசரின் சிற்றன்னை மகன் கோவிந்தன், காஞ்சிக்கு அருகே திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் அவரோடு சேர்ந்து கற்றவர். காசிப் பயணத்தில் ஆசிரியரும் மற்ற மாணவர்களும் இராமானுசரைக் கங்கையில் மூழ்கடிக்கத் திட்டமிட்டதை முன்கூட்டியே சொல்லி அவரைத் தப்பிக்க வைத்தவர் இந்தக் கோவிந்தன். பயணத்தைத் தொடர்ந்த அவர் கையில் கங்கை நீராடும்போது ஒரு லிங்கம் வந்து சேர, உள்ளங்கை கொணர்ந்த நாயனார் என்ற பெயரோடு காளத்தியில் சிவபூசையில் ஈடுபட்டுவிட்டார். உயிரைக் காத்த தம்பி மாற்றுச் சமயத்தில் இருப்பதைப் பொறாத இராமானுசர், தம் தாய்மாமன் பெரிய திருமலை நம்பியை அனுப்ப, அவர் காளத்திக்குச் சென்று நம்மாழ்வார் பாசுரங்களைக் கொண்டு கோவிந்தனின் மனத்தை மாற்றி அழைத்துவந்தார். அந்தக் கோவிந்தனே பின்னாளில் எம்பார் என்று போற்றப்பட்டார். கொல்லத் திட்டமிட்ட யாதவப்பிரகாசரும் தம் தாயின் தூண்டுதலால் இராமானுசரிடமே சீடராகச் சேர்ந்தார் என்கிறது மரபு. திலகவதியார் கதையில் சைவத்துக்கு நடந்த திரும்புதல் இங்கே வைணவத்துக்கு நடக்கிறது, கட்டுமானம் ஒன்றே.

இந்த வரலாற்றில் திரும்பி வராத ஒருவரும் இருக்கிறார்: இராமானுசரின் மனைவி தஞ்சமாம்பாள். இராமானுசர் போற்றிய அடியாரான திருக்கச்சி நம்பி பிராமணர் அல்லர் என்பதால் அவர் உண்ட இடத்தைத் தூய்மை செய்து குளித்ததும், குருவான பெரிய நம்பியின் மனைவியோடு கிணற்றடியில் தண்ணீர் எடுப்பது பற்றிச் சச்சரவிட்டதும் அவர் மீது சுமத்தப்படும் குற்றங்கள். ஒருநாள் பிறந்தகத்துக்கு அனுப்பப்படுகிறார். இராமானுசர் துறவு பூணுகிறார். அத்துடன் அந்தப் பெண்ணைக் குருபரம்பரை நூல்கள் மறந்துவிடுகின்றன. சாதி ஒழுக்கம் என்று தாம் கற்பிக்கப்பட்டதைக் கடைப்பிடித்த ஒரு பெண், கணவர் அதைத் தாண்டிப் போனபோது பின்னால் விடப்பட்டாள் என்ற இந்த நிலைமைக்குள் ஒரு முழு நாடகம் இருக்கிறது.

2015 ஜூன் மாதம் கலைஞர் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘இராமானுஜர்’ தொடரை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். இராமானுசரின் ஆயிரமாவது பிறந்த ஆண்டு நெருங்கிய நேரத்தில், குட்டி பத்மினி தயாரித்த அத்தொடருக்குக் கதை வசனம் எழுதியவர், அப்போது தொண்ணூறு வயதைக் கடந்திருந்த மு.கருணாநிதி. கடவுள் மறுப்பு இயக்கத்தில் வளர்ந்து ‘பராசக்தி’ (1952) படத்துக்கு வசனம் தீட்டியவர் ஒரு வைணவ ஆசாரியரைப் பற்றி எழுதியது இரு தரப்பிலும் வியப்பையும் கேலியையும் எழுப்பியது. மதத்தில் புரட்சி செய்த மகான் என்று தொடரின் விளம்பரம் நாயகரை அறிமுகப்படுத்தியது. சாதி வேற்றுமை பாராமல் அனைவருக்கும் திருமந்திரத்தை உரைத்தவர் என்ற கோணத்தையே அது முன்வைத்தது. இந்தத் தெரிவு கொள்கை அளவில் நேர்மையானது. கருணாநிதிக்கு இராமானுசரிடம் பிடித்தது அதுதான். ஆனால் இதன் ஒரு விளைவையும் சொல்ல வேண்டும். சைவ வைணவப் பூசல் என்பது சாதிச் சீர்திருத்தம் என்ற பெரிய கதையின் ஓரத்தில் நிற்கும் தடையாக மாறிவிடும்போது, அந்தப் பூசலில் மறுபக்கம் நின்ற குடும்பங்கள் பழமைவாதிகளாக மட்டுமே எஞ்சுகின்றன. பழைய நூல் அவர்களை மயங்கியவர்கள் என்றது. புதிய தொடர் பிற்போக்காளர் என்று கருத வழி செய்கிறது. இரண்டிலும் அவர்களுக்கென்று ஒரு நியாயம் கிடைக்கவில்லை.

இவ்வகைத் தொடர்கள் ஆரணி போன்ற ஊரில் எவ்வாறு நுகரப்படுகின்றன என்பதற்கு அழகியல் சார்ந்த ஒரு முக்கியத்துவம் உண்டு. குழித்தறியில், அதாவது தரையில் வெட்டிய குழிக்குள் கால்களை இறக்கி மிதிக்கட்டையை இயக்கும் தறியில், அமர்ந்திருப்பவரின் கண் பாவை விட்டு அகல முடியாது. நாடா ஒருமுறை தவறினால் இழை அறுந்து, முடிபோட நேரம் போகும். பக்கத்தில் ஊடை நூலைத் தாராகச் சுற்றுபவருக்கும் கை ஓய்வதில்லை. ஆகவே தறிவீட்டில் ஓடும் தொடர் பாதி நேரம் காதால் கேட்கும் நாடகமாகவே இருக்கிறது. எல்லாவற்றையும் வசனத்தில் சொல்லிவிடும் தமிழ்த் தொடரின் பழக்கத்தைக் குறை சொல்பவர்கள், இத்தகைய கேட்பவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை. நீண்ட வசனத்துக்குப் பேர்போன ஓர் எழுத்தாளரின் தொடருக்கு இதைவிட ஏற்ற அவை அமைவது அரிது.

திரும்புதல் என்ற முடிவை மறுத்த இந்தியத் தொலைக்காட்சி நாடகம் ஒன்று உண்டு. பீஷ்ம சாஹ்னியின் இந்தி நாவலைத் தழுவிக் கோவிந்த் நிஹலானி இயக்கி, 1988 ஜனவரியில் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான ‘தமஸ்’ அது. நாவல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. தமிழில் வெங்கட் சாமிநாதன் மொழிபெயர்த்திருக்கிறார். 1915இல் இராவல்பிண்டியில் பிறந்த சாஹ்னி, 1947 மார்ச்சில் அப்பகுதியில் நடந்த கலவரங்களை நேரில் கண்டவர். ஆயினும் அவற்றை எழுத அவருக்குக் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1970இல் மகாராட்டிரத்துப் பிவண்டியில் இந்து முஸ்லிம் கலவரம் நடந்தபின், தம் அண்ணன் பல்ராஜ் சாஹ்னியோடு அங்கே சென்றதே பழைய நினைவுகளைக் கிளறிவிட்டது என்று அவர் கூறியிருக்கிறார். பிவண்டி ஒரு நெசவு ஊர்; விசைத்தறிகளின் ஓசையால் அறியப்பட்ட ஊர். தறி நின்றுபோன தெரு எப்படியிருக்கும் என்பதை ஆரணிக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை.

‘தமஸ்’ தொடங்குவது எந்தக் குடும்பப் பாசத்திலும் அன்று. தோல் பதனிடும் தொழிலாளியான நாத்துவுக்கு, முராத் அலி என்பவன் ஐந்து ரூபாய் கொடுத்து, கால்நடை மருத்துவருக்கு வேண்டும் என்று சொல்லி ஒரு பன்றியைக் கொல்லச் சொல்கிறான். இருட்டறைக்குள் அந்த விலங்கோடு நாத்து இரவெல்லாம் போராடுகிறான். மறுநாள் அதே பன்றி பள்ளிவாசல் படியில் கிடக்கிறது. ஊர் பற்றி எரிகிறது. குடும்பங்கள் பிரிவதற்கு முன், பிரித்தவனின் கையும் அதற்குக் கொடுத்த கூலியும் காட்டப்பட்டுவிடுகின்றன. இது தமிழ்ப் புராணக் கதைகளில் இல்லாத ஒரு கணக்கு. ஓம் பூரி நாத்துவாகவும், தீபா சாஹி அவன் மனைவி கர்மோவாகவும் நடித்தனர். குருதத் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்த வி.கே.மூர்த்தியே இதற்கும் ஒளிப்பதிவாளர்.

இக்கதையில் மதக்கலவரம் சிதறடிக்கும் குடும்பம், கிராமத்தில் தேநீர்க் கடை வைத்திருக்கும் முதியவர் ஹர்னாம் சிங்கின் குடும்பம். அந்த ஊரின் ஒரே சீக்கிய வீடு அவருடையது. தொடரில் ஹர்னாம் சிங்காக நாவலாசிரியர் சாஹ்னியே நடித்தார். மனைவி பந்தோவாகத் தீனா பாட்டக். கடையை விட்டு இரவில் ஓடிய இருவரும் தொலைவில் ஒரு முஸ்லிம் வீட்டுக் கதவைத் தட்ட, ராஜோ என்ற பெண் அவர்களைப் பரணில் ஒளித்து வைக்கிறாள். அவள் கணவன் கொள்ளையடித்த ஒரு பெட்டியைச் சுமந்து வீடு திரும்ப, அதன் பூட்டை உடைக்க முயல்கிறார்கள். பெட்டி ஹர்னாம் சிங்குடையது. மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த கிழவர், பூட்டை உடைக்க வேண்டாம், சாவி இங்கே இருக்கிறது என்று எடுத்துக் கொடுக்கிறார். அடைக்கலம் தந்த வீடும் கொள்ளையடித்த வீடும் ஒன்றே என்பதை எந்த விளக்கவுரையும் இல்லாமல் இந்த ஒரு சாவி சொல்லிவிடுகிறது. ராஜோவாக நடித்த சுரேகா சீக்ரிக்குத் துணை நடிகைக்கான தேசிய விருது கிடைத்ததில் வியப்பில்லை.

அந்த முதியவர்களின் மகன் இக்பால் சிங், வேறிடத்தில் வழிமறிக்கப்பட்டு, பாறை இடுக்கில் பதுங்கி, கல்லடிக்குத் தாளாமல் மதம் மாற ஒப்பி, இக்பால் அகமது ஆகிறான். மகள் ஜஸ்பீர், முற்றுகையிடப்பட்ட குருத்வாராவிலிருந்து மற்றப் பெண்களோடு சென்று கிணற்றில் குதிக்கிறாள்; இராவல்பிண்டி மாவட்டத்துத் தோவா கால்சா ஊரில் உண்மையாகவே நடந்த நிகழ்ச்சியின் நிழல் இது. பெற்றோருக்கு இவற்றில் எதுவும் தெரியாது. இக்பாலைத் தாயிடம் திரும்ப அழைத்துவரக் கதை எந்த முயற்சியும் செய்வதில்லை. அவன் மனத்தில் நேர்ந்ததைச் சமய மாற்றம் என்று சொல்லவே நாவல் தயங்குகிறது. புதிய பெயரை அவன் அணிந்துகொள்கிறான், அவ்வளவுதான். நாத்துவை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு நகரும் நாவலிலிருந்து விலகி, அவனையும் கர்மோவையும் ஹர்னாம் சிங் தம்பதியோடு வழியில் இணைத்ததில் நிஹலானி தொலைக்காட்சியின் குடும்ப விருப்பத்துக்கு ஓரளவு இடம்கொடுத்தார். இரத்த உறவற்ற நால்வர் ஒரு குடும்பம்போல் நடந்து போகும் அந்தப் பகுதிகள், நாவலின் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்தினாலும், தொடருக்கென்று தனி உயிரைத் தந்தன என்றே மதிப்பிட வேண்டும்.

அன்று நாடு முழுவதற்கும் ஒரே ஒளிபரப்பு நிறுவனம்தான் இருந்தது. தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே, அது சமூகங்களுக்கிடையே பகை மூட்டும் என்று பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டு இடைக்காலத் தடையும் பிறந்தது. நீதிபதிகள் லெண்டின், சுஜாதா மனோகர் அமர்வு தொடர் முழுவதையும் பார்த்த பின் தடையை நீக்கியது. உச்சநீதிமன்றத்துக்குச் சென்ற மனுவை 1988 பிப்ரவரியில் நீதிபதிகள் சப்யசாச்சி முகர்ஜி, எஸ்.ரங்கநாதன் ஆகியோர் தள்ளுபடி செய்தனர். எதைக் கண்டும் அஞ்சும் பலவீன மனத்தை அளவுகோலாகக் கொள்ளாமல், நிதானமும் உறுதியும் உள்ள சாதாரண மனிதரின் பார்வையிலேயே ஒரு படைப்பின் விளைவை அளக்க வேண்டும் என்ற முந்தைய தீர்ப்பின் நெறியை அவர்கள் பின்பற்றினர். ஒரு காட்சியைப் பிய்த்தெடுத்துப் பார்க்காமல் முழுமையையும் பார்த்தார்கள் என்பதே இவ்வழக்கில் பின்வந்தவர்கள் கற்றிருக்க வேண்டிய முறை. 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தை ஒட்டிய நிகழ்ச்சி விதிகள், மதங்களைத் தாக்கும் காட்சிகளையும் சொற்களையும் தடுக்கின்றன. தடை தேவையானதுதான், ஆனால் தாக்குவதும் பூசலைச் சித்திரிப்பதும் ஒன்றாகக் கொள்ளப்படும் என்ற அச்சத்தில், பெரும்பாலான தனியார் அலைவரிசைகள் ஏற்கெனவே கோயில் திருவிழாவாகவும் பிரசங்கமாகவும் ஒப்புதல் பெற்றுவிட்ட அடியார் வரலாறுகளையே நாடுகின்றன. அடியார் வரலாற்றைத் தேர்ந்தெடுத்தவுடன் அதன் முடிவும் கூடவே வந்துவிடுகிறது.

மாற்று மூலங்கள் இல்லாமல் இல்லை. இராமானுசர் கர்நாடகத்தில் தங்கியபோது அவரால் வைணவரானதாகச் சொல்லப்படும் போசள மன்னன் விஷ்ணுவர்தனனின் பட்டத்தரசி சாந்தலை, இறுதிவரை சமணராகவே இருந்தார். 1123இல் சிரவணபெளகொளாவில் ஒரு பசதியை, அதாவது சமணக் கோயிலை, எழுப்பினார். அவருடைய தந்தை மாரசிங்கய்யன் சைவர். தாய் மாசிகப்பை சமணர். மகள் 1131இல் இறந்தபின் தாய் சல்லேகனை நோற்று, அதாவது உண்ணா நோன்பிருந்து, உயிர் துறந்தார் என்று கல்வெட்டு கூறுகிறது. சைவத் தந்தையும் சமணத் தாயும் வைணவக் கணவரும் கொண்ட அந்தப் பெண்ணின் வீட்டில் எவரும் எவரையும் திரும்ப அழைத்ததாகக் கல்வெட்டுகள் சொல்லவில்லை. குருபரம்பரை நூல்கள் மன்னனின் மாற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அரசியை விட்டுவிட்டன.

ஆரணிப் பக்கத்துச் சமணரிடையே வழங்கும் வாய்மொழி வரலாறு இதைவிட அருகில் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செஞ்சிப் பகுதியின் தலைவன் ஒருவன் சமணர்களை ஒறுத்தான். உயிருக்கு அஞ்சிப் பலர் திருநீறு பூசிச் சைவராயினர். சிலர் மறைவாகப் பழைய வழிபாட்டைத் தொடர்ந்தனர். பின்னர் சிரவணபெளகொளாவுக்குச் சென்று துறவு பூண்டு திரும்பிய வீரசேனாசாரியர், தாயனூர்த் தலைவர் ஒருவரின் துணையோடு மாறியவர்களில் பலரை மீண்டும் சமணத்துக்குக் கொண்டுவந்தார் என்பது அந்த மரபு. சமணர் சொல்லும் இந்தக் கதையும் ஒரு திரும்புதல் கதைதான். வென்றவருக்கு மட்டுமன்றித் தோற்றவருக்கும் அந்த முடிவு தேவைப்பட்டிருக்கிறது. ஆனால் மீண்டும் வராத குடும்பங்களும் இருந்தன. அவர்கள் நீறுபூசி வேளாளர் என்று அழைக்கப்பட்டனர். பழைய தென்னார்க்காட்டைப் பற்றி எழுதியவர்கள் அப்பெயரைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

அண்ணன் திரும்பி, தம்பி திரும்பாத வீடுகள் அவற்றுள் இருந்திருக்க வேண்டும். அத்தகைய வீட்டில் பொழுது சாய்வதற்குள் உண்ணும் சமண வழக்கத்தை யார் விட்டது, யார் விடவில்லை, உறவினருக்குள் பெண் கொடுப்பது எந்தத் தலைமுறையில் நின்றது, இறந்தவருக்குச் செய்யும் கடனை எந்த முறையில் செய்தார்கள் என்ற கேள்விகள் ஒவ்வொன்றும் ஒரு வாரத்துக்கான கதையைத் தரக்கூடியவை. அதற்கு அற்புதமோ அனல்வாதமோ வேண்டாம். பெரும் படையும் வேண்டாம். தாலாட்டும் ஒப்பாரியும் குலதெய்வ வழக்கும் திருமணத் தொடர்பும் ஆகிய வீட்டுச் சான்றுகளை ஊர் ஊராகத் தொகுக்கும் உழைப்பு வேண்டும். சாஹ்னிக்குத் தாம் பிறந்த ஊரின் நினைவு அந்த வேலையைச் செய்து கொடுத்தது. ஐந்து நூற்றாண்டுத் தொலைவில் இருக்கும் நீறுபூசிக் குடும்பங்களுக்கு அதை ஆய்வாளரும் கதாசிரியரும் சேர்ந்தே செய்தாக வேண்டும். திருமலையிலும் பூண்டியிலும் மேல்சித்தாமூர் மடத்திலும் கல்வெட்டும் சுவடியும் பேசத் தெரிந்த முதியோரும் இப்போதும் இருக்கிறார்கள்.